இறுகிப்போன கதவுப் பூட்டு: பேரலை இழுப்பதற்கு முன்னால்

கார் கதவிலிருந்து பூட்டு பேரல், அதாவது சாவி நுழையும் உருளை, வர மறுத்தால் பலரும் உடனே செய்வது ஒன்றுதான். வெளியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்புகிறார்கள். பேரல் அசையாது, அதைச் சுற்றியுள்ள தகடுதான் மடங்கும். கதவின் வெளித்தகடு ஏறக்குறைய முக்கால் மி.மீ. தடிமன்தான். ஒருமுறை மடங்கினால் பெயிண்ட் வெடித்து, அந்த வெடிப்பில் துரு ஏறும். பிறகு டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று போகும் பணத்தில் புது லாக் செட்டே வாங்கிவிடலாம்.

பேரல் தானாக வராமல் அடம் பிடிப்பது அபூர்வம். எதுவோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது எது என்று தெரியாமல் இழுப்பதுதான் கதவைக் கெடுக்கிறது. பொதுவாக மூன்றில் ஒன்றாக இருக்கும். சாவி நுழையவில்லை அல்லது திரும்பவில்லை என்றால் கோளாறு பேரலின் உள்ளே. பேரலைக் கதவோடு பிணைக்கும் கிளிப்போ திருகோ துருவேறியிருந்தால் கோளாறு அதன் பின்னால். கிளிப், திருகு எல்லாம் கழன்ற பிறகும் பேரல் தன் துளையிலேயே ஒட்டி நின்றால் கோளாறு அதன் வெளிப்பரப்பில். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்தால் புதிதாக ஒரு கோளாறுதான் சேரும்.

உள்ளே என்ன இருக்கிறது

சாவியோடு சேர்ந்து சுற்றுவது உள்ளுருளை. அதைச் சுற்றி அசையாமல் நிற்பது வெளிக்கூடு. உள்ளுருளையில் வரிசையாகச் சிறு காடிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய பித்தளைத் தகடும் அதைத் தள்ளும் மயிரிழை ஸ்பிரிங்கும் வைத்திருப்பார்கள். சாவி இல்லாதபோது தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு வெளிக்கூட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சரியான சாவி போனதும் எல்லாத் தகடுகளும் உள்ளுருளையின் மட்டத்துக்கு வந்துவிடும், அப்போதுதான் அது சுற்றும். முகப்பில் சாவித் துளையை மூடும் குட்டி ஷட்டர் ஒன்று உண்டு. பின்பக்கம் ஒரு லிவர், அதைப் பிடித்திருக்கும் ஈ-கிளிப் அல்லது சர்க்கிளிப், லிவரிலிருந்து லாட்ச்சுக்கு, அதாவது கதவை மூடிப் பிடித்திருக்கும் பொறிக்கு, போகும் கம்பி. புதிய வண்டிகளில் கம்பிக்குப் பதிலாகப் பேரலின் வால் நேரடியாக லாட்ச்சின் காடியில் போய் உட்காரும்.

வெளிக்கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்தது. அது உட்கார்ந்திருக்கும் இடமோ எஃகுத் தகடு. உப்பு ஈரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே துத்தநாகம் முதலில் அரிக்கும். அரித்துத் திருநீறு போன்ற வெள்ளைப் பொடியாக மாறும். அந்தப் பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் தேவை. துளைக்கும் பேரலுக்கும் இருந்த நூலிழை இடைவெளியை அது அடைத்து, ஆப்பு அடித்ததுபோல இறுக்கிவிடும். கடற்கரை ஊர் வண்டிகளில் இது சீக்கிரமே வரும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் முங்கிய வண்டிகளில் இதோடு வண்டலும் சேர்ந்திருக்கும்.

ரிமோட் வந்தபின் கதவுச் சாவித் துளையை யாரும் தொடுவதில்லை. பட்டனை அமுக்கினால் கதவு திறக்கிறது. வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் மட்டும் மாதாமாதம் அந்தத் துளைக்குள் போகிறது. அசையாமல் கிடக்கும் தகடுகள் அழுக்கோடும் காய்ந்த கிரீஸோடும் சேர்ந்து கெட்டியாகிவிடுகின்றன. பேட்டரி படுத்த அன்றைக்குத்தான் சாவி திரும்பவில்லை என்பதே தெரிய வருகிறது.

சாவி திரும்பாதபோது

இந்த நிலையில் பேரலைக் கழற்றும் பேச்சே வேண்டாம். பத்தில் பல வண்டிகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும். முதல் விதி, சாவியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டுமே திருப்ப வேண்டும். அதற்கு மேல் பலம் தேவைப்படுகிறது என்றால் ஏதோ ஒரு தகடு இன்னும் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். குறடு வைத்துத் திருப்பினால் சாவி அதன் வெட்டுப் பள்ளத்தில், அதாவது உலோகம் மெலிந்த இடத்தில், முறியும்.

முதலில் எண்ணெய் விடாதீர்கள். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை வாங்கி, அதன் மெல்லிய குழாயால் ஷட்டரைத் தள்ளி, உள்ளே இரண்டு மூன்று முறை அடியுங்கள். கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டால் கறுப்பாக வடியும். சாவியை உள்ளே விட்டு வெளியே எடுங்கள், திருப்ப வேண்டாம், துணியில் துடையுங்கள், மறுபடி விடுங்கள். இருபது முப்பது முறை இப்படிச் செய்தால் சாவி சுத்தமாக வர ஆரம்பிக்கும். அதன்பின் சாவியை முழுக்க உள்ளே விட்டு, அரை மி.மீ. வெளியே இழுத்து, இரு பக்கமும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த சாவிகளுக்கு அந்த அரை மி.மீ. பெரிய வித்தியாசம். திருப்பும் விசையை லேசாக வைத்தபடியே, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பேரல் முகத்தில் மெல்லத் தட்டினால் ஒட்டியிருக்கும் தகடு அதிர்ந்து விழும்.

திரும்பிவிட்டால், கிளீனர் முழுக்கக் காய்ந்தபின் கிராஃபைட் பொடியோ உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரேயோ போடுங்கள். இரண்டில் ஒன்றுதான், கலக்கக் கூடாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் கிராஃபைட் போட்டால் சேறாகி முன்பைவிட மோசமாக அடைக்கும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 1953-ல் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டுவதற்காகத்தான். பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளும் (Water Displacement) அதைத்தான் சொல்கின்றன. வெள்ளத்தில் முங்கிய பூட்டில் அன்றே அடித்தால் நல்லது. வருடாவருடம் பூட்டுக்கு விடும் மசகாக அதை நம்பினால், அது விட்டுப்போகும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தூசிதான் சேரும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சோதியுங்கள். டூப்ளிகேட் சாவிதான் கையில் இருக்கிறது என்றால், அது தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய நகலாக இருக்கலாம். நகலின் நகலுக்குப் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியோடு வந்த தகட்டிலோ, சில தயாரிப்புகளில் பேரலின் உடம்பிலேயோ பொறித்திருக்கும் சாவி எண்ணைக் கொண்டு வெட்டிய சாவியால்தான் கடைசித் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சாவி உள்ளே முறிந்துவிட்டால், முதலில் உள்ளுருளை சாவி நுழையும் நிலையில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பாதி திரும்பிய நிலையில் தகடுகள் துண்டை விடாது. மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் முனையால் நேர் நிலைக்குக் கொண்டுவந்து, கிளீனர் அடித்து, நுண்ணிய ரம்ப பிளேடு ஒன்றின் பற்கள் வெளிப்பக்கம் பார்க்குமாறு துண்டின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, லேசாகத் திருப்பிப் பற்களைக் கொளுவி இழுக்க வேண்டும். ஃபெவிக்விக் தடவிய குச்சியால் ஒட்டி எடுக்கலாம் என்று சொல்வார்கள். அந்த ஒரு சொட்டு தகடுகளில் பட்டால் பேரல் முடிந்தது.

கதவைப் பிரிப்பது

பேரலைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், கதவு திறந்திருக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க அட்டையை, எடுக்க சீட் இடம் தராது, பக்கவாட்டுத் திருகும் தெரியாது. வேறு கதவு வழியாகவோ டிக்கி வழியாகவோ உள்ளே போய் முதலில் இந்தக் கதவைத் திறந்துகொள்ளுங்கள். பேட்டரி படுத்ததால்தான் பிரச்சினை என்றால், ஜம்ப் கேபிள் போட்டு சென்ட்ரல் லாக்கை உயிர்ப்பிப்பதே பாதி வேலை.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் டோர் பேடைத் தொடவே வேண்டியதில்லை. அதைப் பக்கவாட்டுத் திருகு பற்றிய பகுதியில் சொல்கிறேன். மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் பிரித்தே ஆக வேண்டும்.

கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுங்கள். இறக்கிய நிலையில் அது உங்கள் கைக்கும் பேரலுக்கும் நடுவே வந்து நிற்கும். பவர் விண்டோ இருந்தால் கண்ணாடியை ஏற்றிய பிறகு 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால் சில நிமிடங்கள் விட்டபிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும். கை சுற்றும் கிளாஸ் ஹேண்டில் என்றால் அதன் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து, ஹேண்டிலுக்கும் வாஷருக்கும் நடுவே விட்டு, இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். மற்ற கையை முன்னால் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சீட்டுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். ஆர்ம்ரெஸ்ட் திருகுகள், உள் லிவரின் கவர் திருகு ஆகியவற்றை எடுத்தபின், பேடின் கீழ் மூலையிலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் பட்டன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். நெம்பி கிளிப்புக்கு மிக அருகில் இருக்க வேண்டும், தள்ளிக் கொடுத்தால் அட்டை பிய்ந்து கிளிப் கதவிலேயே நின்றுவிடும். கடையில் பத்துப் பன்னிரண்டு கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கம்பியைப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கிகளும் இரண்டு வேண்டும். பழையவை வெயிலில் காய்ந்து, தொட்டதும் ஒடியும்.

உள்ளே பாலிதீன் ஷீட் ஒன்று கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்து எறிந்துவிட்டு பேடை மாட்டிவிடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் பேடின் அட்டையில் படாமல் தடுப்பது அந்த ஷீட்தான். அது போனால் அட்டை ஊறி உப்பும், வண்டிக்குள் தரை நனையும். பசையைக் கத்தியால் வெட்டி, ஷீட்டை மேல்பக்கமாக மடித்து டேப் போட்டு நிறுத்துங்கள். பசையில் விரல் படாமல் பார்த்துக்கொண்டால் அதே பசை திரும்ப ஒட்டும்.

கிளிப்

டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள். பேரலின் உடம்பில் இரண்டு பக்கமும் காடி இருக்கும். அந்தக் காடிகளில் குதிரைலாட வடிவ ஸ்பிரிங் எஃகுக் கிளிப் ஒன்று பக்கவாட்டில் செருகி, வெளித்தகட்டைப் பேரலின் முகத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருக்கும். எதையும் தொடுவதற்கு முன் போனில் நான்கைந்து படம் எடுங்கள். லிவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, கம்பி அதன் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பது படத்தில் தெரிய வேண்டும்.

முதலில் கம்பி. பிளாஸ்டிக் கொக்கியைக் கம்பியிலிருந்து விலக்கித் திருப்பினால் கம்பி பக்கவாட்டில் வெளியே வரும். பிறகு கிளிப்பின் வளைந்த பக்கத்தை நோஸ் பிளேயரால் பிடித்துக் கதவுத் தகட்டுக்கு இணையாக இழுக்க வேண்டும். உங்களை நோக்கி இழுத்தால் கிளிப் வளையுமே தவிர வராது. பிடிக்க இடம் இல்லையென்றால், எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் இரண்டு கால் நுனிகளையும் நீண்ட தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே காலைத் தட்டினால் அது கோணலாகி இன்னும் இறுகும். தட்டுவதற்கு முன் கிளிப்பில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் கதவின் அடிக்குள் விழாது.

துருவேறிய கிளிப்பாக இருந்தால் கம்பி பிரஷால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, ஓரிரவு அப்படியே விடுங்கள். அவசரப்பட்டு ஸ்ப்ரேயை அடித்த கையோடு கிரைண்டரை உள்ளே கொண்டு போகாதீர்கள். மூடிய கதவுக்குள் ஸ்ப்ரே ஆவியும் தீப்பொறியும் சேர்ந்தால் நெருப்புதான். வெட்டியே ஆக வேண்டும் என்றால் துணி சுற்றிய ஹாக்ஸா பிளேடால் கையாலேயே வெட்டுங்கள். கிளிப் மென்மையான பொருள் இல்லை, நேரம் பிடிக்கும்.

பக்கவாட்டுத் திருகு

இழுத்துத் திறக்கும் கைப்பிடி உள்ள வண்டிகள் பலவற்றில், ஃபோக்ஸ்வேகன் போலோ, ஸ்கோடா ரேபிட் போன்றவை இதற்கு நல்ல உதாரணம், பேரல் கைப்பிடியின் பின்முனையில் தனித் துண்டாக இருக்கும். கதவைத் திறந்தால் தெரியும் விளிம்பில், லாட்ச்சுக்கு மேலே கைப்பிடி உயரத்தில், ஒரு சிறு ரப்பர் மூடி. அதை எடுத்தால் ஆழத்தில் திருகின் தலை தெரியும். இந்த வண்டிகளில் அது டி-20 டார்க்ஸ், அதாவது ஆறு முனை நட்சத்திரப் பள்ளம் உள்ள திருகு. வேறு தயாரிப்புகளில் கூட்டல் குறிப் பள்ளம் உள்ள சாதாரண ஸ்டார் திருகாகவும் இருக்கும்.

இங்கே கெடுவது எப்போதும் திருகின் தலைதான். பள்ளத்தில் மண் அடைந்திருக்கும்போது டார்க்ஸ் முனை பாதிதான் இறங்கும். டி-15 போட்டாலும் பிடிப்பதுபோலத் தோன்றும், திருப்பியதும் வழுக்கிப் பள்ளத்தை உருட்டிவிடும். ஊசியால் மண்ணைச் சுரண்டி, காற்றடித்து, நீளமான டி-20 டிரைவரை நேராக வைத்து, பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வையுங்கள். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் திசையில் திருப்பி, துருப் பிடிப்பு உடைந்த பிறகு இடது பக்கம் திருப்ப வேண்டும்.

திருகை முழுவதும் கழற்றாதீர்கள். ஒரு கட்டத்தில் அது தடுத்து நிற்கும், அதுதான் எல்லை. அதைத் தாண்டித் திருப்பினால் உள்ளே பேரலைப் பிடித்திருக்கும் பகுதி கழன்று கதவுக்குள் விழும். பத்து நிமிட வேலைக்காக டோர் பேடையும் சேர்த்துப் பிரிக்க நேரும்.

திருகு தளர்ந்தும் பேரல் வரவில்லை என்றால், உள்ளே உள்ள பிடி தகடு பேரலின் காடியில் அரிப்பால் ஒட்டியிருக்கிறது. வெளியே இழுக்க இழுக்க அந்தப் பிடி இன்னும் இறுகும். பேரலை உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தியபடியே திருகை இரண்டு சுற்று உள்ளே, இரண்டு சுற்று வெளியே என்று ஓட்டுங்கள். அந்தத் துளை வழியாகவே நீளக் குழாயால் ஊடுருவும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி ஓட்டுங்கள். இடையிடையே கைப்பிடியை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் கைப்பிடி இழுத்த நிலையில்தான் பேரலுக்கு வழி கிடைக்கும். பிடி விட்டதும் பேரல் விரலாலேயே நேராக வெளியே வரும். சாவித் துளையை மறைக்கும் பிளாஸ்டிக் மூடி உள்ள வண்டியானால் அந்த மூடியை முதலில் எடுங்கள். கீழ்ப்பக்கம் அதற்கென்று சிறு துளை இருக்கும்.

எல்லாம் கழன்றும் வரவில்லை என்றால்

கிளிப்பும் இல்லை, கம்பியும் இல்லை, பேரல் மட்டும் எஃகுத் துளையில் சிமென்ட் போட்டதுபோல நிற்கிறது. பெரும்பாலான கதவுகள் வீணாவது இந்தக் கட்டத்தில்தான்.

சூடாக்கலாம் என்பதுதான் முதலில் தோன்றும். இங்கே அது நேர் எதிரான விளைவைத் தரும். துத்தநாகக் கலவை எஃகைவிட இரு மடங்குக்கு மேல் விரியும். 22 மி.மீ. விட்டமுள்ள பேரலை 50 டிகிரி சூடாக்கினால் அது ஏறக்குறைய 0.030 மி.மீ. பெருக்கும், அதே அளவு எஃகுத் துளை 0.013 மி.மீ.தான் பெருக்கும். அதாவது ஏற்கெனவே இறுகிய இடத்தில் இன்னும் 0.017 மி.மீ. இறுக்கம் சேர்கிறது. கேஸ் டார்ச் கொண்டுபோனால் பெயிண்ட் முதலில் கருகும், அதன்பின் பேரலே உருகும். இந்தக் கலவை 380 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருக ஆரம்பித்துவிடும்.

செய்ய வேண்டியது குளிர வைப்பது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஃப்ரீஸ் ஸ்ப்ரே போதும். பேரலைச் சுற்றி மாஸ்கிங் டேப்பும் ஈரமில்லாத துணியும் கட்டி, உள்பக்கத்திலிருந்து பேரலின் உடம்பில் மட்டும் படும்படி அடியுங்கள். அது சுருங்கி, வெள்ளைப் பொடி அடுக்கு விரிசல் விடும். சுருங்கியிருக்கும்போது ஊடுருவும் எண்ணெய் விட்டால் விரிசலில் இறங்கும். திரும்பச் சாதாரண வெப்பத்துக்கு வரட்டும், மறுபடி குளிர வையுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்வது ஒரு பெரிய அடியைவிடப் பயன் தரும். மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற வண்டியில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். விடியற்காலையில் நிழலில் செய்தால் பாதி எதிர்ப்பு இருக்காது. பிளாஸ்டிக் கைப்பிடிக் கூட்டில் உட்காரும் பேரல் என்றால் ஃப்ரீஸ் ஸ்ப்ரேயே வேண்டாம், குளிர்ந்த பிளாஸ்டிக் தட்டினால் நொறுங்கும்.

வினிகர், எலுமிச்சை, துரு நீக்கி அமிலம் எதையும் விடாதீர்கள். அமிலம் துருவைவிட வேகமாகத் துத்தநாகத்தைத் தின்னும். அசிட்டோன் கலந்த எண்ணெயை நல்ல ஊடுருவி என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு. கதவுக்கு அது ஆகாது, ஒரு சொட்டு வெளியே வழிந்தால் பெயிண்டில் தழும்பு நிரந்தரம்.

எண்ணெய் ஊறியபின் உள்பக்கத்திலிருந்து ஒரு மரக்கட்டையைப் பேரலின் பின்விளிம்பில் வைத்து, மேல், கீழ், முன், பின் என்று நான்கு திசையிலும் மாற்றி மாற்றிச் சிறு தட்டுகள். பேரல் சுற்றிவிடாமல் இருக்கத் துளையின் ஓரத்தில் தட்டையான வெட்டு இருக்கும், எனவே திருகித் திருப்பி எடுக்கும் எண்ணம் வேண்டாம். அசைக்க முடிவது கால் மி.மீ.தான், அதுவே போதும். வெளியே உள்ள ரப்பர் வாஷரின் விளிம்பு துளி பிரிந்து தெரிந்தால் பாதி வெற்றி.

அதற்கும் அசையவில்லை என்றால், பேரல் இனி வேண்டாம் என்று முடிவெடுத்தபின், இழுப்பான் ஒன்றைச் செய்துகொள்ளலாம். பின்னால் ஈ-கிளிப்பையும் லிவரையும் எடுத்து, சாவி திரும்பும் நிலையில் இருந்தால் சாவியோடு உள்ளுருளையை முன்பக்கமாக உருவிவிடுங்கள். முகப்பு மூடி விளிம்பு மடித்திருந்தால் அதை விரித்தால்தான் உருளை வரும். சாவி இல்லையென்றால் துளையிட வேண்டும்: சாவித் துளையின் மேல்முனையில் 3 மி.மீ. பிட், பிறகு 6, பிறகு 10. பித்தளையும் துத்தநாகமும் மென்மையானவை, மெதுவான வேகமே போதும். பிட்டில் பேரல் நீள அளவுக்கு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள், பின்னால் துணி திணியுங்கள். சீவல்கள் லாட்ச்சுக்குள் போனால் அடுத்த கோளாறு அங்கே தொடங்கும்.

காலியான கூட்டுக்குள், பின்பக்கத்திலிருந்து, 100 மி.மீ. நீளமுள்ள எம்6 போல்ட்டை விடுங்கள். அதன் தலைக்குக் கீழ் வைக்கும் வாஷர் கூட்டின் பின்துளையைவிடப் பெரிதாகவும் கூட்டின் வெளி விட்டத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். வெளியே, பேரலின் முகப்பை முழுக்க உள்ளடக்கும் அளவு அகலமுள்ள பிவிசி குழாய்த் துண்டு, 40 மி.மீ. நீளம் போதும், அதன் விளிம்புக்கும் பெயிண்டுக்கும் நடுவே சைக்கிள் டியூப் ரப்பர். குழாயின் மேல் கனமான வாஷரும் நட்டும். நட்டை 10 மி.மீ. ஸ்பேனரால் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். இழுக்கும் விசைக்கு எதிரான அழுத்தம் துளையைச் சுற்றி வட்டமாகப் பரவுவதால் தகடு மடங்காது. இறுக்கமாக நின்றால் நட்டை அப்படியே விட்டு, எண்ணெய் விட்டு, போல்ட் தலையை உள்ளிருந்து லேசாகத் தட்டிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். விசையின் கீழ் நிற்கும் பேரல் தானாகவே டக்கென்று விடும். நெம்புவதோடு ஒப்பிட்டால் இந்த முறைக்கு நேரம் அதிகம், ஆனால் கதவுக்கு ஒரு கீறல் விழாது.

துளையைச் சரிசெய்யாமல் புது பேரலை மாட்டாதீர்கள்

பேரல் வந்ததும் துளையின் விளிம்பைப் பாருங்கள். சிவப்புத் துரு இருந்தால் 220 எண் எமரித் தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, துத்தநாக பிரைமர் அல்லது ரெட் ஆக்சைடு தடவி, அதன்மேல் டச்-அப் பெயிண்ட் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரமான பெயிண்டில் பேரலைச் செருகினால் சுரண்டிக்கொண்டு போய்விடும். கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளையும் அப்போதே மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். அவை அடைத்தால் கதவுக்குள் எப்போதும் ஈரம் நிற்கும், புது பேரலும் அதே வழியில் போகும். வெளிக்கூட்டின் மேற்பரப்பிலும் ரப்பர் வாஷரிலும் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுங்கள். உள்ளே ஒரு துளி கிரீஸும் போகக் கூடாது.

புது பேரல் புதுச் சாவியோடு வரும். கதவுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என்று இரண்டு சாவி சுமப்பதற்கு மூன்று மாற்று வழிகள். முழு லாக் செட்டையே மாற்றுவது. சாவி எண் கொடுத்து, வண்டியின் ஆர்.சி.யைக் காட்டி, அதே சாவிக்கு ஏற்ற பேரலைத் தருவிப்பது. அல்லது பழைய பேரலின் பித்தளைத் தகடுகளைப் புதியதுக்கு மாற்றுவது. மூன்றாவதுதான் செலவு குறைந்தது, பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு பேரலும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், பழைய தகடுகள் அரிக்காமல் இருக்க வேண்டும். பெரிய தெளிவான பாலிதீன் கவருக்குள் கைவிட்டுச் செய்யுங்கள், துள்ளும் ஸ்பிரிங் கவருக்குள்ளேயே இருக்கும். ஒரு நீள டேப்பைப் பசைப் பக்கம் மேலே வைத்து, எடுக்கும் தகடுகளை வரிசை மாறாமல் அதில் ஒட்டிக்கொண்டே போங்கள். தகடுகளில் பெரும்பாலும் 1 முதல் 4 வரை உயர எண் பொறித்திருக்கும். எல்லாம் மாற்றியபின் பழைய சாவியை விட்டுப் பார்த்தால் ஒரு தகடுகூட உருளையின் மட்டத்துக்கு மேல் நீட்டக் கூடாது. நீட்டினால் வரிசை தப்பியிருக்கிறது.

சிப் உள்ள சாவி என்று பயப்பட வேண்டாம். சரியான சிப் இல்லாமல் எஞ்சினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசருக்கும் கதவின் பேரலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கதவு பேரலை மாற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆவதில் எந்த மாற்றமும் வராது.

மாட்டும்போது

கழற்றிய வரிசைக்கு நேர் எதிர். கிளிப் முழுக்க உள்ளே போய் இரண்டு கால்களும் மறுபுறம் ஒரே அளவு நீட்டுகிறதா, பேரலின் முகம் தகட்டோடு சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றால் அந்த இடைவெளியில்தான் தண்ணீர் இறங்கும். பக்கவாட்டுத் திருகு வகையில் பேரலின் வால் லாட்ச்சின் காடியில் சரியாக உட்காரும்வரை திருகைத் தொடாதீர்கள். உட்காராமல் இறுக்கினால் சாவி வெறுமனே சுற்றும்.

இனி வருவதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். கதவைத் திறந்தே வைத்து, லாட்ச்சின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு கிளிக் கேட்க வேண்டும். இப்போது கதவு மூடியிருப்பதாகவே பூட்டு நினைக்கும். சாவியால் பூட்டித் திறந்து பாருங்கள், வெளிக் கைப்பிடி, உள் லிவர், பேட்டரியை மாட்டி ரிமோட், எல்லாவற்றையும் பத்து முறையாவது ஓட்டுங்கள். சாவி திருப்பியதும் லிவர் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் சாவி வெளியே வராது. கைப்பிடியை இழுத்து நாக்கைத் திறந்தபின்தான் கதவை மூட வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கதவை அடித்து மூடி, உள்ளே கம்பி கழன்று விழுந்தால், மூடிய கதவின் பேடைப் பிய்த்துத்தான் கதவைத் திறக்க முடியும்.

பாலிதீன் ஷீட்டை மேலிருந்து கீழாக அழுத்தி ஒட்டி, அதன் அடி ஓரம் கதவின் காடிக்குள் தொங்குமாறு விடுங்கள், பேடைத் தட்டி மாட்டுங்கள். சாமான்கள் வெளியே இருக்கும்போதே பக்கத்து சீட் கதவின் சாவித் துளையிலும் கிளீனர் அடித்துச் சாவியை விட்டுப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் இறுகிய வண்டியில் அந்தப் பக்கம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அதன்பின் மாதம் ஒருமுறை ரிமோட்டைப் பையில் போட்டுவிட்டு, சாவித் துளை உள்ள எல்லாக் கதவையும் சாவியாலேயே பூட்டித் திறந்தால் போதும்.